முனிசாமி பங்களாவின் வாரிசுகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், கல்லாறு தாண்டிச் சில வளைவுகள் கடந்ததும் வருவது பர்லியார். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,500 அடி. சீசன் காலத்தில் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் துரியனும் குவிந்திருக்கும். மேலே ஊட்டியில் விளையாத ஜாதிக்காயும் கிராம்பும் இங்கே விளைகின்றன. அதற்குக் காரணமான தோட்டம் இன்று அரசுத் தோட்டக்கலைப் பண்ணை. ஆனால் அதை முதலில் போட்டது அரசாங்கம் இல்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த இ. பி. தாமஸ் அதைத் தன் சொந்தத் தோட்டமாகத் தொடங்கினார். அரசு அதை 1871இல் விலைக்கு வாங்கியது.

நீலகிரி 1868வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அதாவது மலையை நிர்வாகம் செய்தவரே மலைச்சரிவில் நிலமும் வைத்திருந்தார். பிறகு அந்த நிலம் அவர் வேலை பார்த்த அரசாங்கத்துக்கே கிரயமானது. இன்றைக்கு இது ஒரு விசாரணைக்குப் போகும். அன்றைக்கு நீலகிரியில் சொத்து உண்டான சாதாரண வழியே இதுதான்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பழைய பங்களாக்களின் கதையைத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகவே இல்லை. கட்டியவர் சில வருடம் இருப்பார். பிறகு மாற்றல் வரும், உடம்புக்கு வரும், பென்ஷன் வரும், அல்லது சாவு வரும். வீடு விலைக்குப் போகும், இல்லையென்றால் குடக்கூலிக்கு. செட்டிநாட்டு வீட்டுக்குக் குடும்ப விலாசமே பெயர். ஆள் எங்கே போனாலும் வீடு அந்த விலாசத்தை விடாது. ஊட்டி பங்களாவுக்கோ தனக்கென்று ஒரு பெயர் உண்டு: ஸ்டோன்ஹவுஸ், வால்தம்ஸ்டோ, அரன்மோர், சீடர்ஸ், ஃபெர்ன்ஹில். ஆட்கள் மாறுவார்கள், பெயர் நிற்கும். பத்திரத்தில் வீட்டை அடையாளம் காட்ட உரிமையாளரின் குடும்பம் உதவாத ஊரில், வீட்டுக்கே பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

இந்த வாரிசில்லா வீடுகளில், ஒரே ஒருமுறை வாரிசுரிமைக்குள் நுழைந்து ஏறக்குறைய நூறு வருடம் அதற்குள் தங்கிய வீடு ஃபெர்ன்ஹில். அதைச் சொல்லும் முன், அதற்கு மூத்த இரண்டு வீடுகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது ஸ்டோன்ஹவுஸ். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் தொடங்கி 1823இல் குடிபுகுந்த வீடு. ஊட்டியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு இதுதான். அதன் நிலம் தோடர்களின் மேய்ச்சல் வெளி. ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் தோடர்களுக்குக் கொடுத்து சல்லிவன் நிலம் வாங்கியதாகப் பதிவுகள் சொல்கின்றன. எருமை மேய்ச்சலுக்குப் பொதுவில் இருந்த புல்வெளியை ஒருவர் இன்னொருவருக்கு 'விற்பது' என்றால் என்ன என்பதில் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஒரே அர்த்தம் இருந்திருக்க வழியில்லை. பின்னாளில் தோடர்களின் உரிமை எது, அரசின் உரிமை எது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளே வருடக்கணக்கில் எழுதிச் சண்டை போட்டார்கள். ஊட்டியில் எந்தப் பங்களாவின் கிரயச் சங்கிலியைப் பின்னோக்கி இழுத்தாலும், கடைசிக் கண்ணி ஏதாவது ஒரு தோடர் மந்தின், அதாவது குடியிருப்பின், மேய்ச்சலில் போய் முடியும்.

ஸ்டோன்ஹவுஸின் பிற்காலம் சட்டென்று சொல்லக்கூடியது. 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி, லவ்டேலுக்குப் போகும்வரை அங்கே நடந்தது. 1870களில் சென்னை அரசாங்கம் கோடையில் மலையேறிவிடும் வழக்கம் நிலைத்தபோது அது விரிவாக்கப்பட்டு அரசு அலுவலகமானது. 1955இல் அரசு கலைக் கல்லூரி வந்தது. இன்றும் கல்லூரிதான். குடும்பம் ஒன்று வாழ்ந்த வீடு என்று பார்த்தால் அதன் ஆயுள் மிகக் குறைவு.

இரண்டாவது வீட்டின் கதை ருசியானது. கட்டியவர் சர் வில்லியம் ரம்போல்ட். இவருடைய பாட்டனார் சர் தாமஸ் ரம்போல்ட் 18ஆம் நூற்றாண்டில் சென்னை கவர்னராக இருந்து, ஊழல் குற்றச்சாட்டோடு சீமை திரும்பியவர். பேரன் ஹைதராபாத்தில் வில்லியம் பாமர் அண்ட் கம்பெனி என்ற வட்டிக்கடையில் பங்காளி. நிஜாம் அரசாங்கத்துக்கு அந்தக் கம்பெனி கொடுத்த கடனும் அதற்குப் போட்ட வட்டியும் பெரிய ஊழல் விவகாரமாக வெடித்தன. கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு வளர்த்த பெண் ரம்போல்டின் மனைவி. அந்தச் செல்வாக்கு கம்பெனிக்குக் குடை பிடித்தது. ஹைதராபாத் ரெசிடெண்டாக வந்த சார்ல்ஸ் மெட்காஃப் விஷயத்தைத் தோண்டி எடுத்தார். 1824இல் கம்பெனி திவாலானது. அதே ரம்போல்ட் 1831, 32 வாக்கில் ஊட்டியில் தூண் வைத்த முகப்போடு ஒரு மாளிகை எழுப்பினார். திவாலான கம்பெனியின் பங்காளிக்கு மலைமேல் மாளிகை எப்படி வந்தது என்ற கேள்வி இந்த நாட்டில் புதிதல்ல.

அவர் அதை அனுபவிக்கவில்லை. 1833இல் இறந்தார். அடுத்த வருடம் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபு உடல்நலத்துக்காக ஊட்டி வந்தபோது அந்த வீட்டைக் குடக்கூலிக்கு எடுத்தார். அவரைப் பார்க்கத்தான் சட்ட உறுப்பினராக நியமனமாகியிருந்த மெக்காலே 1834 ஜூனில் சென்னையிலிருந்து பல்லக்கில் வந்து சேர்ந்தார். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. வெளியே தலைகாட்ட முடியாத அந்த மாதங்களில் மெக்காலே கொண்டு வந்திருந்த 'கிளாரிசா' நாவலை இந்தியாவை ஆளும் ஆட்கள் கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். 1840களின் தொடக்கத்தில் வீடு ஊட்டி கிளப்பின் கைக்கு வந்தது. 1875இல் ஜபல்பூரில் பிறந்த ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882இல் அந்தக் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி ஒட்டப்பட்டன. அந்த அறையைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். ரம்போல்டின் வட்டிக் கணக்கைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இனி ஃபெர்ன்ஹில். 1844இல் கேப்டன் எஃப். காட்டன் என்பவர் கட்டிய பங்களா இது. கோதாவரியில் அணை கட்டிய ஆர்தர் காட்டன் வேறு, இவர் வேறு. அதன் முதல் பெயராகப் பதிவாகியிருப்பது மூனிசாமி. முனிசாமி என்ற நம்மூர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான். ஒரு ராணுவ அதிகாரியின் வீடு முனிசாமியாக இருந்து, பிறகு பெரணி படர்ந்த குன்று என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருக்கு மாறியது. 1844இலிருந்து 1873வரை அது பல கைகள் மாறியது. இடையில் கிளப்பாகவும் இருந்தது. ஊட்டி பங்களாவுக்கு இது வழக்கமான ஜாதகம்.

அந்தக் காலத்து வீடு எப்படி இருந்திருக்கும்? சமவெளியில் பழகிய கம்பெனி அதிகாரி முதலில் சமவெளி பங்களாவைத்தான் மலைக்குத் தூக்கி வந்தார்: நடுவில் கூடம், இரு பக்கமும் அறைகள், சுற்றி வராந்தா. வந்த பிறகுதான் அது இங்கே பொருந்தாது என்று தெரிந்தது. சமவெளியில் வராந்தா வெயிலைத் தடுக்க. இங்கே வெயில்தான் வேண்டும். ஆகவே வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்தார்கள். ஜன்னல்களை அறையிலிருந்து மூன்று பக்கமாக வெளியே தள்ளி வைத்தார்கள், காலையிலிருந்து மாலைவரை வெயில் எந்தத் திசையில் வந்தாலும் உள்ளே விழட்டும் என்று. சூடு மேலே போய்த் தங்கிவிடாமல் இருக்க உத்தரத்தைத் தாழ்த்தினார்கள். ஒவ்வொரு அறைக்கும் தனியாகக் கணப்பு, அதற்கு மேலே புகைபோக்கி. வெளியே நின்று கூரையில் புகைபோக்கிகளை எண்ணினால் உள்ளே எத்தனை பெரிய அறைகள் இருக்கும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு படுக்கையறையோடும் ஒட்டிய குளியலறை. குளியலறைக்கு இரண்டு கதவு: ஒன்று படுக்கையறைக்குள் திறப்பது, மற்றது வீட்டுக்கு வெளியே திறப்பது. வெந்நீர் சுமந்து வருபவரும் மலம் அள்ளுபவரும் அந்த வெளிக்கதவு வழியாக வந்து அப்படியே போக வேண்டும். வீட்டுக்குள் அவர்கள் கால் படக் கூடாது. சமையல்கட்டு பின்னால் தனிக் கட்டடம். அதற்கும் பின்னால் பட்லர், சமையற்காரர், குதிரைக்காரர், தோட்டக்காரர் குடியிருப்பு. இதில் சீமை வழக்கம் பாதி, உள்ளூர்ச் சாதி வழக்கம் பாதி. இரண்டும் அலுங்காமல் பொருந்திக்கொண்டன. துரை பங்களாவின் முகப்பைப் படம் எடுக்கிறவர்கள் பின்பக்கம் போய் அந்தச் சின்னக் கதவுகளையும் பார்க்க வேண்டும். சுவரில் அடைத்துப் பூசிய தடமாவது பல வீடுகளில் தெரியும்.

இந்த அமைப்புக்கும் வாரிசில்லாத சொத்து வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பது என் எண்ணம். அறைக்கு ஒரு கணப்பு, அறைக்கு ஒரு குளியலறை, அறைக்கு ஒரு வெளிவாசல் என்றால், ஒவ்வொரு அறையும் தனியாக வாடகைக்கு விடக்கூடிய அறை. கூட்டுக் குடும்பத்துக்கான வீடு இல்லை இது, வந்துபோகும் ஆட்களுக்கான வீடு. கட்டும்போதே, இன்னொருவர் இதை எடுத்துக்கொள்வார் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. அதனால்தான் இவை ஒரு சுவரும் இடிக்காமல் கிளப்பாக, பள்ளிக்கூடமாக, ஹோட்டலாக மாறிக்கொண்டே வந்தன. நடுவில் முற்றமும் சுற்றிலும் பங்காளிகளின் அறைகளுமாக இருக்கும் காரைக்குடி வீட்டை அப்படி மாற்றப் போனவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

1873 ஏப்ரலில் மைசூர் மகாராஜா பெயரில் ஃபெர்ன்ஹில் வாங்கப்பட்டது. சொல்லப்படும் விலை 10,000 ரூபாய். மகாராஜா என்றதும் தலைப்பாகையும் மீசையுமாக ஒருவரைக் கற்பனை செய்துவிட வேண்டாம். பத்தாம் சாமராஜேந்திர உடையாருக்கு அப்போது பத்து வயது. 1831இல் கம்பெனி அரசாங்கம் மைசூர் ஆட்சியை மன்னர் கையிலிருந்து பிடுங்கிக் கமிஷனர்களிடம் கொடுத்திருந்தது. செய்தவர், மூன்று வருடம் கழித்து ரம்போல்டின் வீட்டில் குடியிருந்த அதே பென்டிங்க். சுவீகாரப் பிள்ளையான சாமராஜேந்திரர் 1868இல் பட்டத்துக்கு வந்தாலும் ஆட்சி அவரிடம் இல்லை. வரலாற்றாசிரியரும் ராணுவ அதிகாரியுமான கர்னல் மாலிசன் அவருக்குக் காப்பாளராக அமர்த்தப்பட்டிருந்தார். ராஜ்யம் கைக்குத் திரும்பி வந்தது 1881 மார்ச் 25ஆம் தேதி. ஆக, சொந்த ராஜ்யம் கையில் வர எட்டு வருடம் முன்னாலேயே, அடுத்த மாகாணத்து மலையில் ஒரு வீடு அவர் பெயருக்கு வந்துவிட்டது. ஆங்கிலேயக் காப்பாளர்கள் இந்திய இளவரசர்களை எப்படி வளர்க்க நினைத்தார்கள் என்பதற்கு இந்தக் கிரயமே சாட்சி: கோடையில் மலைக்குப் போகும் கனவானாக.

அதே 1873இல்தான் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்தது. அதே பத்தாண்டில் லா என்ற பொறியாளர் போட்ட புதிய குன்னூர் மலைப்பாதையில் வண்டிகள் சுலபமாக ஏறத் தொடங்கின. குன்னூர்ப் பக்கத்து லாஸ் அருவி அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ரயில், மலைப்பாதை இரண்டும் ஊட்டி வீடுகளின் உருவத்தையே மாற்றின. அதற்கு முன், உள்ளூரில் கிடைத்த கல், செங்கல், மரம், கூரைக்குப் புல் அல்லது ஓடு. சாமான் அருமை என்பதற்குச் சான்று செயின்ட் ஸ்டீபன் தேவாலயம்: 1829இல் அஸ்திவாரம் போட்ட அந்தக் கோயிலுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து உத்தரங்களைக் கொண்டு வந்தார்கள். மைசூர் மரம் மலையேறி நாற்பத்து நான்கு வருடம் கழித்து மைசூர்ப் பணம் ஏறியது என்று வைத்துக்கொள்ளலாம். ரயில் வந்தபின் நெளி தகரம், வார்ப்பிரும்புக் கிராதி, பெரிய கண்ணாடி எல்லாம் கப்பலில் இறங்கி, ரயிலேறி, மாட்டு வண்டியில் பர்லியார் வழியாக மேலே போயின. மலை ரயில் குன்னூரைத் தொட்டது 1899இல், ஊட்டியை அடைந்தது 1908இல். கால் நூற்றாண்டுக்கு மேல் விக்டோரியா காலத்து ஊட்டியின் அலங்காரத்தை இழுத்தவை மாடுகள்தான்.

இன்று நாம் பார்க்கும் ஃபெர்ன்ஹில் மாளிகையின் தோற்றம் மைசூர் கைக்குப் போன பிறகு உருவானது. காட்டனின் பங்களா உள்ளே எங்கோ விழுங்கப்பட்டுவிட்டது. வெளித்தோற்றம் சுவிட்சர்லாந்து மலைவீடு: அகலமாக நீண்ட இறவாரம், முக்கோண முகப்புகள், அவற்றின் விளிம்பில் துளையிட்டுச் செதுக்கிய மரப்பலகைகள், நடுநடுவே வார்ப்பிரும்பு வேலைப்பாடு. ஆல்ப்ஸ் குடியானவர் வெண்பனிக்காகக் கட்டிய கூரையை, லண்டன் கட்டடக்காரர்கள் மாதிரிப் புத்தகத்தில் பார்த்து அழகுப் பொருளாக்கினார்கள். அது அங்கிருந்து நீலகிரிக்கு வந்தது. ஊட்டியில் வெண்பனி பொழிவதே இல்லை. மார்கழி, தையில் புல்மேல் உறைபனி படியும், அவ்வளவுதான். ஆனாலும் இந்த இரவல் கூரை இங்கே ஓரளவு வேலை செய்தது. இரண்டு பருவமழையும் சாய்த்து அடிக்கும் மலையில், இறவாரம் நீண்டிருந்தால் சுவர் நனையாது. காரணம் ஒன்றாக வந்து, பயன் வேறாகக் கிடைத்தது.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. முக்கோண முகப்பு ஒவ்வொன்றும் கூரையில் இரண்டு பள்ளங்களை உண்டாக்கும். இரு சரிவும் சேரும் அந்தப் பள்ளத்தில் தகரத்தை மடித்துப் பதித்து நீர் போக வழி செய்வார்கள். யூகலிப்டஸ் இலையும் சைப்ரஸ் சருகும் முதலில் வந்து சேருவது அங்கேதான். அடைத்துக்கொண்டால் தண்ணீர் தகரத்துக்கு அடியில் புகுந்து மரச்சட்டத்துக்குப் போகும். ஈரம் பட்ட மரம் மேலே வர்ணம் கெடாமல் உள்ளுக்குள் மாவாகும். பராமரிப்பு ஆட்கள் மழைக்கு முன் கூரையேறிச் சருகு வழிக்காமல் விட்ட ஒரு வருடம் போதும். அலங்காரம் அதிகமான கூரை, ஆள்பலம் அதிகமாக உள்ள எஜமானருக்கே கட்டுப்படியாகும். மகாராஜாவுக்கு ஆகியது.

உள்ளே பேர் பெற்றது நடனக் கூடம். அதன் மேற்தளத்து அலங்காரங்கள் காகிதக் கூழில் அச்செடுத்து வண்ணம் தீட்டியவை. கேட்கும்போது மலிவு வேலை போலத் தோன்றும். உண்மையில் அகலமான கூடத்தின் மரத் தளத்தில் சுண்ணாம்புச் சாந்தில் பூவேலை செய்தால் அதன் எடையையும், மரம் ஈரத்துக்கு நீண்டு சுருங்குவதையும் சாந்து தாங்காமல் வெடித்து விழும். காகிதக் கூழ் லேசானது, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். ஐரோப்பிய மாளிகைகளிலும் இதே காரணத்துக்காகப் பயன்பட்ட உத்தி இது. இன்னொரு அறையின் சுவரில் ஊட்டி வேட்டைக் குழுவின் புகைப்படங்கள். இங்கிலாந்தில் குழிநரியைத் துரத்திய அதே சிவப்புக் கோட்டும் நாய்க்கூட்டமும் இங்கே குள்ளநரியைத் துரத்தின. பிறர் நடத்திய வேட்டைக்கு மைசூர் மன்னர் வீட்டுச் சுவர் இடம் கொடுத்திருக்கிறது.

மைசூரைப் பார்த்து மற்ற சமஸ்தானங்களும் வந்தன. நிஜாமுக்கு சீடர்ஸ், ஜோத்பூருக்கு அரன்மோர். விலைக்கு வாங்கும் ஆட்கள் மாறினார்கள், ஆனால் வாங்கியவர்கள் பெயரை மாற்றவில்லை. அயர்லாந்துத் தீவு ஒன்றின் பெயரில் ராஜஸ்தான் மகாராஜா குடியிருந்தார். அரன்மோர் பின்னாளில் அரசு கைக்கு வந்து 'தமிழகம்' விருந்தினர் மாளிகையானபோதுதான் பெயர் மாறியது. மாற்றியது அரசாங்கம், தனி ஆள் இல்லை.

ஃபெர்ன்ஹில்லில் மட்டும் வாரிசுரிமை வேர் பிடித்தது. சாமராஜேந்திரர் 1894இல் கல்கத்தாவில் இறந்தார். மகன் நான்காம் கிருஷ்ணராஜர், அவருக்குப் பின் தம்பி மகன் ஜெயசாமராஜேந்திரர் என்று வீடு பட்டத்தோடு இறங்கி வந்தது. கடைசியில் ஒரு வினோதம் நடந்தது. சமஸ்தானம் போனபின் ஜெயசாமராஜேந்திரர் 1964 முதல் 1966வரை சென்னை மாநிலக் கவர்னராக இருந்தார். ஊட்டியில் கவர்னருக்கென்று பக்கிங்ஹாம் கோமகன் 1870களின் கடைசியில் கட்டிய ராஜ்பவன் உண்டு. அந்த ஊரிலேயே பரம்பரை அரண்மனையும், பதவியால் வந்த அரசு மாளிகையும் ஒரே ஆளுக்கு இருந்தது அந்த இரண்டு வருடம்தான்.

1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது. 1974இல் ஜெயசாமராஜேந்திரர் காலமானார். சருகு வழிக்க ஆள் வைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இந்தியா முழுக்க அரண்மனைக்காரர்கள் கண்ட விடையே இங்கும்: ஹோட்டல். அரச குடும்பத்தின் சொத்தாக இருந்தபடியே அது விருந்தினர் தங்கும் இடமாயிற்று. இதை அரண்மனையின் வீழ்ச்சி என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அறைக்கொரு கணப்பும் குளியலறையும் வைத்து, முன்பே கிளப்பாக இருந்து பழகிய வீடு அது. நடுவில் வந்த நூறு வருட அரச குடும்பம்தான் அதன் சரித்திரத்தில் விதிவிலக்கு.

இந்தப் பழைய மாளிகைகள் இடிபடாமல் நிற்பதற்கு ரசனை மட்டும் காரணம் என்றும் நான் நம்பவில்லை. 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. அதன்பின் நீலகிரியில் புதுக் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு நிலைத்தது. உயரமான முகப்பும் பெரிய கூடமும் கொண்ட கட்டடம் வேண்டுமென்றால் ஏற்கெனவே இருப்பதைத்தான் பிடிக்க வேண்டும். இடித்தால் அந்த உயரம் திரும்பக் கிடைக்காது. சட்டம் இப்படிப் பழைய கூரைகளுக்கு ஒரு விலை வைத்துவிட்டது. பாரம்பரியக் கட்டடம் என்ற பட்டியலைவிட இந்த ஒற்றைக் கணக்கு அதிக வீடுகளைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் கணிப்பு. பெரிய வீடுகளை மட்டும். ஓட்டுக் கூரையும் இரண்டு புகைபோக்கியுமாக இருந்த சின்னச் சின்னப் பங்களாக்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவற்றின் இடத்தில் 7 மீட்டருக்குள் அடங்கும் காட்டேஜ்கள் வரிசையாக முளைக்கின்றன.

அப்படிப்பட்ட சின்னப் பங்களா ஒன்றின் கதையைத் தேடப் புறப்படுகிறவருக்கு வழி இருக்கிறது. சர் ஃபிரெடரிக் பிரைஸ் எழுதி 1908இல் சென்னை அரசு வெளியிட்ட ஊட்டி வரலாறு, வீடு வீடாகக் கைமாறிய விவரத்தைத் தருகிறது. அதே வருடம் வந்த பிரான்சிஸின் நீலகிரி கெஜட்டியர் சாலைக்கும் தோட்டத்துக்கும் உதவும். அதற்குப் பிந்திய கிரயங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகம். அங்கே வில்லங்கச் சான்று கேட்டுப் போகும்போது சர்வே எண்ணோடு வீட்டின் பழைய பெயரையும் எழுதிக் கொடுப்பது நல்லது. உட்பிரிவாகி எண் மாறியிருக்கும். பழைய பத்திரங்களின் சொத்து விவரத்தில் வீட்டின் பெயரும் நான்கெல்லையும் இருக்கும், எல்லையாகச் சொல்லப்பட்ட பக்கத்து வீடுகளும் பெயரோடுதான் இருக்கும். முனிசாமி என்ற பெயர் போனது போல அவற்றில் எத்தனை போயிருக்கின்றன என்பதை இன்னும் யாரும் வரிசைப்படுத்தி எழுதவில்லை.